கொசுறக்காவின் கை

கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே அவளுக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது.

தெருமுனையில் இருந்தது புருஷனின் மளிகைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் பூட்டில்லாத ஒரு கதவு. கடைக்காரர் எடை போடுவதில் மன்னன். பொட்டலத்தை உள்ளங்கையில் ஏந்தி ஒரு தடவை தூக்கிப் பார்த்தே இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். தராசு அவருக்கு வெறும் சாட்சி. ஒரு கடலை கூடினால் அதைப் பொறுக்கி டப்பாவில் போடுவார். ஒரு கடலை குறைந்தால் தேடி எடுத்துப் பொட்டலத்தில் போடுவார். "உன்னுது உனக்கு, என்னுது எனக்கு. இதுல தாராளம் என்ன, கஞ்சத்தனம் என்ன" என்பது அவர் நியாயம்.

அவள் கைக்கு அந்த நியாயம் புரியவில்லை. முள் நேராக நின்று, பொட்டலம் மடித்து, எதிரே நிற்பவர் கையை நீட்டும் அந்தக் கடைசி நொடியில், வலது கை தானாகப் போய் நாலு திராட்சையோ ஒரு பிடி கடலையோ அள்ளி மேலே போட்டுவிடும். போட்ட பிறகுதான் அவளுக்கே தெரியும். "கொசுறு" என்று சிரிப்பாள். வாங்கியவரும் சிரிப்பார். கடைக்காரர் மட்டும் சிரிக்க மாட்டார். "அந்தக் கைக்கு ஒரு கயிறு வாங்கிக் கட்டணும்" என்பார். இருபத்தாறு வருஷமும் இதையேதான் சொன்னார். கயிறு வாங்கவில்லை.

கொசுறக்கா என்று முதலில் கூப்பிட்டது எதிர்வீட்டு டீச்சர். டீச்சர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் தெரு முழுக்க அவளை அக்கா என்று கூப்பிட்டதால் அவரும் கொசுறோடு அக்காவைச் சேர்த்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடையில் நின்று நூறு கிராம் ஏதாவது வாங்குவார். நூறு கிராமுக்குக் கால் மணி நேரம் பேசுவார். ஓய்வு பெற்ற பிறகு அரை மணி நேரம் ஆனது.

பழைய பஸ் டிப்போ இருந்த இடத்தில் பெரிய கடை வந்தபோது, அதன் திறப்பு விழாவுக்கு முதல் ஆளாகப் போய் நின்றதும் டீச்சர்தான். திரும்பி வரும்போது இரண்டு கை நிறையப் பை. கடையைக் கடக்கும்போது பைகளை அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சும்மா பாக்கப் போனேன்" என்றார்.

"பாத்ததெல்லாம் பையில வந்துருச்சு போல" என்றார் கடைக்காரர்.

அதுவரை அவர்கள் கடைக்கு வெறும் கடை என்றுதான் பெயர். பெரிய கடை வந்த பிறகு அது சின்னக் கடை ஆனது. சனங்கள் மாத சாமானைத் தள்ளுவண்டி நிறைய அங்கே வாங்கிவிட்டு, மறந்துபோன தீப்பெட்டிக்கும் உப்புக்கும் இங்கே வந்தார்கள். வந்தவர்களும் ஏதோ துக்க வீட்டுக்கு வந்ததுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அவள் தீப்பெட்டிக்கும் கொசுறு போட்டாள், ஒரு மிட்டாய். மூன்று வருஷம் ஈ ஓட்டினார்கள். முதலில் மூலையில் இருந்த ரொட்டிக் கடை போனது. பிறகு நூல், பட்டன் விற்றவர் போனார். பாத்திரக் கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் பெரிய கடையின் வாசலில் வண்டி நிறுத்த வழிகாட்டும் வேலைக்குப் போனார். பஸ் நிறுத்தத்தையே பெரிய கடை வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். எல்லோரும் மூடிய பிறகு பெரிய கடையில் விலைச்சீட்டுகள் ஒவ்வொன்றாக மாறின. அப்போது போய்க் கேட்க வேறு கடை இல்லை.

சின்னக் கடையை மூடின அன்றுதான் கடைக்காரர் விழுந்தார். பரணில் மிஞ்சிய டின்களை இறக்க ஏணியில் ஏறினவர், ஏணியோடு வந்தார். இடுப்பு மூட்டு நொறுங்கியது. ஒரு தடவை தகடு வைத்தார்கள், அது நிற்கவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "மூட்டையே மாத்தணும்மா. ஒரு வருஷத்துக்குள்ள மாத்தினா நடப்பாரு. அதுக்கு மேல போச்சுன்னா மாத்தியும் பிரயோசனமில்ல, கால் சூம்பிடும்" என்றார்.

ஒரே மகள், வாழப்போன இடத்தில் அவளுக்கே மூச்சு விட நேரமில்லை. கட்டிலைப் பின்னறையில் போட இடமில்லாததால் கடையில் போட்டாள். கல்லாப்பெட்டி இருந்த இடத்தில் அவர் தலை. சுற்றிலும் காலி அலமாரிகள். சர்க்கரை டப்பா இருந்த தட்டில் மருந்து, பருப்பு இருந்த தட்டில் துவைத்து மடித்த துணி. தராசு மட்டும் மேல் தட்டில் பழைய இடத்திலேயே இருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்தால் அவருக்குத் தெருவில் போகிறவர்களின் இடுப்புவரை தெரியும். தலை தெரியாது. நடையை வைத்தே ஆளைச் சொல்வார்.

"டீச்சர் போறா. முட்டி இன்னும் சரியாகல. பை கனமாத்தான் இருக்கு."

பெரிய கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஆறு மாதம் முடிந்தால் குடும்பத்துக்கே மருத்துவ கார்டு உண்டு, அதில் மூட்டு மாற்றுவதும் அடக்கம் என்று பாத்திரக் கடைக்காரர் வந்து சொன்னார். மறுநாள் காலையில் அவள் போய் நின்றாள்.

மேனேஜருக்கு மகள் வயதுதான் இருக்கும். நல்ல பையன். உட்காரச் சொன்னார். "முன்னாடி கடை வச்சிருந்தவங்கள நாங்க விரும்பி எடுப்போம்க்கா. ஆளுங்ககிட்டப் பேசத் தெரியும்" என்றார். "உங்கள அங்க என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவள் சொன்னாள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார். அதையும் சொன்னாள். மேனேஜர் பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு திரையை நீட்டி, விரலால் ஏழெட்டு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள்.

பருப்பு, கடலை, பேரீச்சை, திராட்சை எல்லாம் உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் கவுண்டரில் அவளை நிறுத்தினார்கள். பச்சை ஏப்ரன். தலைக்கு நேர் மேலே கண்ணாடிக் குமிழுக்குள் கேமரா. பயிற்சி கொடுத்த பெண் ஒரே ஒரு விதியைப் பத்துத் தடவை சொன்னாள். எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டின பிறகு கை மறுபடி டப்பாவுக்குள் போகக் கூடாது. ஒரு திராட்சை போனாலும் கடைச் சொத்து வெளியே போனதாகக் கணக்கு.

முதல் வாரம் அவள் கை மூன்று தடவை டப்பா வரை போய்த் திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் ஏப்ரனின் வலது பையைப் பிரித்து, இன்னொரு துண்டு துணி வைத்து ஆழமாகத் தைத்தாள். ஸ்டிக்கர் ஒட்டினதும் கையை மணிக்கட்டுவரை அந்தப் பைக்குள் விட்டு, உள்ளேயே விரல்களை மடக்கிக்கொள்வாள். இடது கையால் பொட்டலத்தை நீட்டுவாள். சிலர் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை.

"கட்டிட்டியா கையை" என்றார் கடைக்காரர், அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டே. "நான் சொன்னப்ப கேக்கல. கம்பெனிக்காரன் சொன்னா கேக்குது."

"நீங்க கார்டு குடுப்பீங்கன்னு சொல்லலையே."

இரண்டாம் மாதம் பெரிய கடையின் முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பேனர் ஏறியது. "நம்ம கொசுறக்கா. வாங்குங்க, கொசுறை அள்ளுங்க." கொழுகொழுவென்று, வெள்ளைவெளேரென்று, கன்னத்தில் குழியோடு ஒரு பெண் இரண்டு கைகளாலும் கடலையை வாரி இறைக்கும் படம். பெரிய பில் போட்டால் இருபது கிராம் மூடின பொட்டலம் ஒன்று இலவசம். அவ்வளவுதான் கொசுறு. உள்ளூருக்கு மட்டுமில்லை, கம்பெனியின் எல்லாக் கிளைகளிலும் அதே படம்.

ஷட்டருக்கு அடியில் அந்தப் பேனரின் கீழ்ப்பாதி தெரிந்தது. ஒரு சாயங்காலம் அவள் ஷட்டரை முழுக்கத் தூக்கிக் காட்டினாள். கடைக்காரர் தலையணையில் முழங்கை ஊன்றி வெகுநேரம் பார்த்தார்.

"யாரிது, உன் பணக்கார அக்காவா?"

"நான்தானாம்."

"மூக்கு வேற. நிறம் வேற. கை மட்டும் உன்னுதுதான், ரெண்டும் ஊதாரி" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து, வலித்ததில் அவளைத் திட்டினார்.

அதற்குப் பிறகு கவுண்டருக்கு வருகிற ஒவ்வொருவரும் "கொசுறு இல்லையாக்கா?" என்று கேட்டார்கள். பேனரில் இருப்பது அவள் பெயர் என்று தெரியாதவர்கள்கூடக் கேட்டார்கள். அவள் பைக்குள் கையை மடக்கிக்கொண்டு, சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள். "பில்லிங்ல கேளுங்க, பொட்டலம் குடுப்பாங்க."

மூன்று, நான்கு, ஐந்து மாதம் ஓடியது. காலையில் அவருக்குத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் தடவி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் தட்டும் வைத்துவிட்டு ஓடுவாள். மதிய இடைவேளையில் ஓடிவந்து தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு மறுபடி ஓடுவாள். சுவர்க் காலண்டரில் ஆறு மாதம் முடியும் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். மெலிந்துகொண்டிருந்த காலை அவள் துடைக்கும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

வட்டத்துக்குப் பதினேழு நாள் இருக்கையில், கூட்டமில்லாத ஒரு மத்தியானம், டீச்சர் கவுண்டருக்கு வந்தார்.

"எப்படி இருக்கார் வீட்டுக்காரர்?"

"அப்படியேதான் இருக்கார் டீச்சர். வாய் மட்டும் நல்லா நடக்குது."

"பாவம். நாளைக்கு வந்து பாக்கணும்னு இருக்கேன். அவருக்குப் பேரீச்சைன்னா உயிராச்சே. கால் கிலோ போடுங்க, அவருக்குத்தான்."

அவள் நிறுத்தாள். இருநூற்றைம்பது. ஸ்டிக்கர் ஒட்டினாள். கை பைக்குள் போனது. டீச்சர் பொட்டலத்தை வாங்கி, தூக்கிப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டார்.

"உங்க கடையில வாங்கினா கை நிறைஞ்ச மாதிரி இருக்கும். இதென்ன, ஆஸ்பத்திரியில மாத்திரை குடுக்கற மாதிரி. படுத்திருக்கற மனுசனுக்கு இதைக் கொண்டுபோய் எப்படி நீட்டறது." பொட்டலத்தின் வாயைத் திறந்தபடியே பிடித்திருந்தார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை பையிலிருந்து வெளியே வந்தது, டப்பாவுக்குள் போனது, மூன்று பேரீச்சையோடு வந்தது, திறந்த வாய்க்குள் போட்டது. இருபத்தாறு வருஷப் பழக்கம். ஒரு கண்ணிமைப்பு.

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார்.

அரை மணி நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். மேசைமேல் தராசு. தராசின்மேல் அதே பொட்டலம், அவள் ஒட்டின ஸ்டிக்கரோடு. ஸ்டிக்கரில் இருநூற்றைம்பது. தராசில் இருநூற்று எழுபத்தெட்டு. பக்கத்தில் திரையில் அவள் கை மேலிருந்து தெரிந்தது. போய் வந்தது, போய் வந்தது. திரும்பத் திரும்ப அதே மூன்று பேரீச்சை.

"யாருக்குக்கா இது?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க இப்படிச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. கைநீளம்னு எழுதினா வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க. நீங்களா வேலைய விட்டதா எழுதிக் குடுத்துடுங்க. அது உங்களுக்கு நல்லது."

"எழுதித் தரேன் சார். பதினேழு நாள் கழிச்சு எழுதித் தரட்டுமா? சம்பளம் வேணாம். தரை துடைக்கறேன். கார்டு மட்டும்..."

"அக்கா."

அவள் எழுதிக்கொடுத்தாள். ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கொடுத்தபோது, வாங்கிய பெண் வலது பைக்குள் கையை விட்டுப் பார்த்து, "கிழிச்சுத் தச்சிருக்கீங்களே, இதுக்கும் பிடிப்பாங்க" என்றாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது தலைக்கு மேலே மூன்று மாடிக் கொசுறக்கா கடலையை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரரிடம் அன்று மறைக்க முடியவில்லை. வேளைக்கு முன்னால் வந்த அவள் நடையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை?"

"இருபத்தெட்டு கிராம்."

அவர் கூரையைப் பார்த்தார். "இருபத்தெட்டு" என்றார். "என் காலோட எடை இருபத்தெட்டு கிராம்." அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. துடைக்கும்போது இடம் கொடுத்தார், புரட்டும்போது புரண்டார், வாயை மட்டும் திறக்கவில்லை. அவர் திட்டினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. மூன்றாம் நாள் திட்டினார். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

பதினாறு நாள் கழித்து டீச்சர் வந்தார், கையில் பேரீச்சைப் பொட்டலத்தோடு. ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வர முடியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டார். அவள்தான் போய்த் தூக்கிவிட்டாள். கடைக்காரர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னறையில் உட்கார்ந்தார்கள்.

"நேராவே சொல்லிடறேன், சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது" என்றார் டீச்சர். "நான்தான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"பெரிய கடைக்காக ஒரு ஏஜென்சிக்காரங்க அனுப்பறாங்க. வாடிக்கையாளர் மாதிரி போயி, கேட்டுப் பாத்து, எழுதிக் குடுக்கணும். ரெண்டு வருஷமா செய்யறேன். அதுக்கு ஒரு கார்டு தந்திருக்காங்க, ஆஸ்பத்திரி வரிசையில நிக்க வேணாம். என் முட்டிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாதா."

"அவரைப் பாக்க வர்றதாச் சொன்னீங்களே."

"வந்துட்டேனே. இதோ பேரீச்சை." பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "முன்னாடி கடை வச்சிருந்தவங்க எல்லார்கிட்டயும் அஞ்சு மாசம் தாண்டினா ஒருத்தர் போவாங்கம்மா. ஆறு முடிஞ்சா கார்டு குடுக்கணுமே. நான் இல்லன்னா வேற யாரோ வந்திருப்பாங்க. தெரியாதவங்க கையால போறதுக்கு, தெரிஞ்சவ கையால போகட்டும்னு நினைச்சேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் எழுந்து அணைத்துவிட்டு, அடுப்பைத் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள். துடைத்த துணியை அலசிப் பிழிந்து காயப்போட்டாள். டீச்சருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

"எதுக்கு வந்தீங்க டீச்சர்?"

"ஏஜென்சிக்கு ஆள் வேணும். நீங்களா விட்டதாத்தானே எழுதிக் குடுத்திருக்கீங்க, தடையில்ல. பத்துக் கிளை பாத்து எழுதிக் குடுத்தா அவங்க பட்டியல்ல சேத்துடுவாங்க. அவங்களுக்கும் அதே மருத்துவ கார்டுதான்." டீச்சர் டீயை ஊதினார். "உங்க முகம் யாருக்கும் தெரியாது. பேனர்ல இருக்கறது வேற முகம். அது ஒரு வசதி."

அவள் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். வட்டம் போட்ட தேதி நாளைக்கு. டாக்டர் சொன்ன வருஷத்தில் மிச்சம் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்.

"பத்தும் எத்தனை நாள்ல முடிக்கலாம்?" என்று கேட்டாள்.

கடைக்காரரிடம் கணக்கெடுப்பு வேலை என்று சொன்னாள். யார் யார் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதுவது. "அதுல கொசுறு போட முடியாதுல்ல, அதுவரைக்கும் தேவலை" என்றார்.

ஒன்பது கிளைகளுக்குப் போனாள். ஒன்பதிலும் பச்சை ஏப்ரன், ஒன்பதிலும் தலைக்கு மேலே குமிழ், வாசலில் அதே கொழுகொழு அக்கா. ஒன்பது இடத்திலும் நூறு கிராம் ஏதாவது வாங்கி, "கொசுறு இல்லையா?" என்று கேட்டாள். பில்லிங்கில் கேட்கச் சொன்னார்கள். இரண்டு இடத்தில் அவர்கள் விரல்கள் துடித்ததைப் பார்த்தாள். அந்த இடங்களில் சட்டென்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். ஒன்பது படிவத்திலும் "எடைக்கு மேல் போட்டாரா?" என்பதற்கு "இல்லை" என்ற கட்டத்தைத் தொட்டாள்.

ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். மரியாதையான குரல். "மேடம், ஒம்பதும் சுத்தம்னு போட்டிருக்கீங்க."

"சுத்தமாத்தான் இருக்காங்கம்மா."

"இருக்கலாம். ஆனா ஒருத்தர்கூடத் தப்பு பண்ணலன்னா, பாக்கறவங்க சரியாப் பாக்கலன்னு எங்க சிஸ்டம் எடுத்துக்கும். பத்தாவதையும் இப்படிப் போட்டீங்கன்னா, பட்டியல்ல சேக்கறது கஷ்டம். பாத்துக்கங்க மேடம்."

பத்தாவது கிளை இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். கவுண்டரில் அவள் வயதுக்காரி ஒருத்தி. காதோரம் பென்சில் செருகியிருந்தாள். அந்தக் கவுண்டரில் பென்சிலுக்கு வேலையே இல்லை. இவள் கொஞ்ச நேரம் அரிசி அடுக்கின் பக்கம் நின்று பார்த்தாள். பென்சில்காரி ஒவ்வொரு பையையும் வாயை முறுக்கி, ஒரு சுண்டு சுண்டி மடக்கினாள். ஸ்டிக்கர் ஒட்டினதும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஏப்ரன் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இவளுடைய வலது கை தானாக மடங்கியது.

"இருநூறு கடலை குடுங்க" என்றாள் போய் நின்று. "கடை வச்சிருந்தீங்களா?"

"பதினெட்டு வருஷம். எப்படித் தெரிஞ்சுது?"

"பையை முறுக்கறதப் பாத்தேன். நானும் வச்சிருந்தேன்."

பென்சில்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா. எந்தப் பக்கம்? இங்க அஞ்சு மாசமா நிக்கறேன், ஒரு மனுசி பேசல போங்க. கொசுறு இல்லையா, கொசுறு இல்லையான்னு அந்தக் கழுதை பேரைச் சொல்லியே உயிரை எடுக்கறாங்க."

"எவளோ ஒருத்தி போட்டுவச்ச வழி" என்றாள் இவள்.

இருநூறு. ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. நேராகக் கேட்டால் கிடைக்காது என்று இவளுக்குத் தெரியும். கேட்டுக் கொடுத்தால் அது கொசுறே இல்லை. எதற்கு அந்தக் கை அசையும் என்பது இந்தக் கடை முழுவதிலும் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பொட்டலத்தை வாங்கி, வாயைப் பிரித்து, உள்ளே பார்த்தாள். மூடாமல் அப்படியே பிடித்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பத்து மாசமாப் படுத்த படுக்கை. இடுப்பு. கடையை மூடின அன்னிக்கு விழுந்தாரு. கடலைன்னா அவருக்கு அவ்வளவு இஷ்டம். ஒவ்வொண்ணா எடுத்து, தோலை நீக்கி, ரொம்ப நேரம் மெல்லுவாரு. வேற வேலை இல்ல பாருங்க."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. குரல் உடைந்ததும் பொய்யில்லை.

பென்சில்காரியின் கண் கலங்கியது. தலையைத் தூக்கிக் குமிழை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முதுகுப் பக்கமிருந்து கை வந்தது, கடலைக்குள் போனது, நிறைந்த பிடியாக வந்தது. பொட்டலத்தில் கடலை விழும் சத்தம் இவளுக்கு நன்றாகக் கேட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "இன்னும் மூணு வாரத்துல நிரந்தரம் ஆயிடுவேன். எங்க வீட்லயும் ஒரு சீக்காளி இருக்கு."

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. படிவத்தை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். பஸ்ஸிலேயே "ஆம்" என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டிருந்தாள். தொட்டதும் அதற்குக் கீழே புதிதாக இன்னொரு கட்டம் திறந்தது. ஒன்பது தடவையும் வராத கட்டம். "எத்தனை கிராம் கூடுதல்?" அதை நிரப்பாமல் படிவம் போகாது.

பொட்டலத்தைக் கடைக்காரர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கியதுமே புருவத்தைத் தூக்கினார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஒரு தடவை ஆட்டினார். ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"இருநூறுன்னு ஒட்டியிருக்கு. இது இருநூறு இல்லையே."

"எவ்வளவு இருக்கும்?"

"முப்பது கூட இருக்கு." மறுபடி ஆட்டினார். "இல்ல. முப்பத்தஞ்சு. எவ போட்டா?"

"ஒரு அக்கா. கவுண்டர்ல இருந்தா."

"தெரிஞ்சவளா?"

"இல்ல. இன்னிக்குத்தான் பாத்தேன்." போனைக் கையில் வைத்திருந்தாள். "முப்பத்தஞ்சா, சரியாச் சொல்லுங்க."

"என் கை மேல சந்தேகமா? அந்தத் தராசை இறக்கு."

மேல் தட்டிலிருந்து தராசை இறக்கி, தூசி தட்டி, கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்தாள். எடைக்கற்கள் இருந்த தகர டப்பாவையும் எடுத்துக் கொடுத்தாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவர் தானாகவே முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கினார். வலித்தது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் திட்டவில்லை. இருநூறை வைத்தார். மேலே இருபதும் பத்தும் ஐந்தும் வைத்தார். முள் கொஞ்சம் ஆடி, நேராக நின்றது.

"பாத்தியா" என்றார். "காலுதான் போச்சு. கை அப்படியே இருக்கு."

அவள் கட்டத்தில் முப்பத்தைந்து என்று அடித்தாள். அனுப்பு என்பதைத் தொட்டாள். நன்றி என்று வந்தது. போனைப் பருப்புத் தட்டில் துணிகளுக்குப் பின்னால் வைத்தாள்.

கடைக்காரர் இருநூறு கல்லை மட்டும் தட்டில் விட்டுவிட்டு, முள் நேராகும்வரை கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார். இந்தப் பக்கம் கரெக்டாக இருநூறு நின்றது. அந்தப் பக்கம் அவர் கையில் ஒரு பிடி.

"இன்னமும் இப்படி ஆளுங்க இருக்காங்க பாரு" என்றார். "இனிமே கடலை வேணும்னா அவகிட்டயே வாங்கு. விட்டுடாத." கையிலிருந்ததை இரண்டாகப் பிரித்தார். பிரிக்கும்போதும் எடை பார்த்துத்தான் பிரித்தார். "இதுதான் கொசுறு. இதைத்தான் முதல்ல தின்னணும். கையை நீட்டு."

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நீட்டுடீ."

வலது கையை நீட்டினாள்.